பச்சை இலையை வைத்தால் பாலியஸ்டர் பசுமையாகிவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பேஷன் கல்லூரிகளில் சுற்றுச்சூழல் பாடம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை துணி, சாயம், கழிவுநீர் என்பதோடு நின்றுவிட்டது. அந்தத் துணியைப் படமெடுத்துக் காட்ட செட்டையும் பின்னணியையும் அமைக்கும் ஆர்ட் டைரக்‌ஷனை அது தொடவில்லை. வகுப்பறையிலும் இதே நிலைதான். நொய்யல் ஆற்றின் சாயக்கழிவு மாசைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதும் மாணவர், இறுதியாண்டு ஷூட்டுக்குத் தெர்மகோல் செட் போட்டு, ஃபிளெக்ஸில் பின்னணி அச்சடித்து, மாலையில் இரண்டையும் குப்பையில் போடுகிறார்.

பின்னணிக் காகித உருளையையே பாருங்கள். வழக்கமான அளவு 2.72 மீட்டர் அகலம், 11 மீட்டர் நீளம். முழு உருவப் படத்துக்கு மாடல் அதன் மேலேயே நிற்க வேண்டும். செருப்புத் தடம் பட்டதும் இரண்டு மீட்டரை வெட்டி எறிவார்கள். ஐந்து வெட்டில் உருளை தீர்ந்தது. செருப்பின் அடிப்பாகத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, விளக்கு சரிபார்த்து முடியும்வரை மேலே பழைய துணி விரித்தால் பல வெட்டுகள் மிச்சம். காடாத் துணியைத் தைத்து வண்ணம் பூசினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். தையல் கோடு மாடலின் தலைக்குப் பின்னால் வரக்கூடாது. மடிக்காமல் குழாயில் சுற்றி வைக்க வேண்டும். இல்லையேல் மடிப்புக் கோட்டைக் கணினியில் அழிப்பதிலேயே நாள் போய்விடும்.

மின்சாரம் மிச்சம் என்று மலிவு எல்இடி வாங்குவது இன்னொரு தவறு. சிஆர்ஐ என்பது நிறங்களை ஒரு விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண்; உச்சம் 100. அது 80 அளவிலுள்ள விளக்கில் பெரும்பாலும் சிவப்புதான் முதலில் கெடும். படத்தில் செங்கல் நிறமாக இருந்த புடவை, வீட்டில் பிரித்தால் அரக்குச் சிவப்பு! திரும்பிப் போகும் பார்சலுக்கு ஆகும் டீசலும் பாலித்தீனும் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். சிஆர்ஐ 95க்கு மேல் இருக்கட்டும். முதல் பிரேமில், நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டையும் இருக்கட்டும்.

இதைவிட முக்கியமானது, படம் சொல்லும் பொய். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட பசுமைப்பூச்சு (சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று பொய்யாகக் காட்டுவது) தடுப்பு வழிகாட்டுதல்கள் சொற்களை மட்டுமன்றி, திசைதிருப்பும் சின்னங்களையும் படங்களையும் கணக்கில் எடுக்கின்றன. ஏமாற்றாத பொதுவான வண்ணத்துக்கும் படத்துக்கும் விலக்கு உண்டு. பாலியஸ்டர் சட்டையை வாழைத்தோட்டத்தில் நிறுத்துவது வெறும் பின்னணியா, 'இயற்கையானது' என்ற வாக்குறுதியா? அதே படத்தின் மேல் 'மண்ணின் துணி' என்று எழுதினால்? இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதற்கே இரண்டு வகுப்புகள் போதாது.

ஆட்கள் விஷயமும் இருக்கிறது. திருப்பூர்ப் பக்கம் குழந்தைகள் உடைக்கு ஷூட் நடக்காத வாரமில்லை. விளம்பரப் படப்பிடிப்பில் 14 வயதுக்குட்பட்டவருக்கு குழந்தைத் தொழிலாளர் தொடர்பான 2017 விதிகளின்படி நாளுக்கு 5 மணி நேரம்தான். ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கி வைப்பாகப் போக வேண்டும். மாணவர்கள் தயாரிக்கும் கால் ஷீட்டில் (படப்பிடிப்பு நாளின் அட்டவணை) இதற்கு ஒரு வரிகூட இல்லை. நெசவாளரைத் தறியோடு பின்னணிப் பொருளாக உட்கார வைத்துவிட்டு, கூலியும் பெயரும் தராமல் வருவதும் 'கைத்தறிக் கருப்பொருள்' என்றே மதிப்பெண் வாங்குகிறது.

2025 ஜூனில் மிலான் மேடையில் இத்தாலிய நிறுவனமான பிராடா காட்டிய செருப்பு, மகாராஷ்டிரத்தின் பாரம்பரியக் கோலாப்பூரிச் செருப்பைப் போலிருந்தும் மூலத்தைச் சொல்லாததால் எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கும். ஷூட்டுக்கு முன் மாதிரிப் படங்களைச் சேர்க்கும் மூட் போர்டில் ஒட்டும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே யாருடைய கலை, எந்த ஊர் என்று எழுத வைத்தால் அந்தப் பழக்கம் முதலாண்டிலேயே வரும்.

இப்போது படங்களை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுகிறோம். செட்டைப் பிரித்தபின் எந்தப் பொருள் எங்கே போனது, யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற இரண்டு தாள்களையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

— பேஷன் துறை ஆசிரியர், கோயம்புத்தூர்