"வயசாயிடுச்சு" என்பதோடு நிறுத்தாதீர்கள், டாக்டர்

அன்புள்ள கால்நடை மருத்துவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டு மணிக்கு 12 வயது. சின்ன ஜாதி நாய். போன வருடம் தடுப்பூசி போடக் கூட்டிப்போனபோது உங்களில் ஒருவர் அவன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கேட்டார். "லேசா மர்மர் இருக்கு. வயசாயிடுச்சுல்ல" என்றார். ஊசியைப் போட்டு அனுப்பிவிட்டார்.

மர்மர் என்றால் இதயத் துடிப்போடு சேர்ந்து கேட்கும் இரைச்சல். உங்களுக்கு அது தினமும் கேட்கிற சத்தம். நான் வீடு வந்து சேரும்வரை அவனை மடியை விட்டு இறக்கவில்லை.

அன்றைக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தால் போதும். வயதான சின்ன நாய்கள் பலவற்றுக்கு இதயத்தில் உள்ள மைட்ரல் வால்வு தடித்துப்போய்ச் சரியாக மூடாது, ரத்தம் கொஞ்சம் பின்னோக்கிக் கசியும், கேட்கிற சத்தம் அந்தக் கசிவுதான் என்று சொல்லியிருக்கலாம். மர்மரை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பீர்களாமே, இவனுடையது எத்தனை என்றாவது சொல்லியிருக்கலாம். மர்மரோடு வருடக்கணக்கில் ஓடியாடும் நாய்கள் நிறைய உண்டு என்ற ஒரு வரி கிடைத்திருந்தால் அன்று இரவு தூங்கியிருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து இருமல் வந்தது. வேறொரு இடத்தில், எக்ஸ்ரேகூட எடுக்காமல், "ஹார்ட்தான்" என்று நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். அது என்ன செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து வீட்டுக்குள் அசிங்கம் செய்யாதவன் நடுக்கூடத்தில் சிறுநீர் போனான். நான் அதட்டினேன். காதை மடக்கிக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்தான். மாத்திரை செய்கிற வேலை என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த அதட்டலை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் எக்ஸ்ரேயும் எக்கோவும் (இதயத்துக்கான ஸ்கேன்) எடுக்கச் சொன்னார். வால்வு கசிவது உண்மை. ஆனால் இதயம் இன்னும் பெரிதாகவில்லை. இருமலுக்குக் காரணம் மூச்சுக்குழல் தளர்ந்து அமுங்குவது. இதயத்துக்கு இப்போது மருந்தே வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். அவர் விளக்கியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்தப் பெரிதாகும் கட்டம். வால்வு நோயால் இதயம் போதிய அளவு பெரிதாகிவிட்டால், மூச்சுத் திணறல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்தக் கட்டத்திலேயே பிமோபெண்டான் என்ற இதய மருந்தைத் தொடங்கினால் இதயச் செயலிழப்பு சராசரியாகச் சுமார் 15 மாதம் தள்ளிப்போகிறது என்று 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. அப்படியிருக்க, மர்மர் கேட்டதும் "பார்த்துக்கலாம்" என்று அனுப்புவது எப்படிச் சரி? எக்கோவுக்கு வசதியில்லாதவர்களிடம் எக்ஸ்ரேயில் இதயத்தின் அளவைக் கணிக்க முடியும் என்றாவது சொல்லுங்கள். (பெரிய ஜாதி நாய்களுக்கு வருகிற இதயத்தசை நோய் வேறு கதை. அதில் மர்மரே இல்லாமலும் போகலாமாம்.)

அந்த டாக்டர் இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார். நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவது ஒரு மூச்சு. 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். 30க்குக் கீழே இருந்தால் நிம்மதி. அதைத் தாண்டினால் சற்று நேரம் விட்டு மறுபடி எண்ண வேண்டும். அப்போதும் இறங்காவிட்டால் உடனே போன் செய்ய வேண்டும். ஈறு வெளுத்தாலோ, மயங்கி விழுந்தாலோ, கழுத்தை நீட்டிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாலோ எண்ணிக்கொண்டு உட்காராமல் கிளம்பிவிட வேண்டும்.

உங்கள் மேசைமேல் ஏற்றினாலே அவன் நடுங்குகிறான், நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கிறான். அங்கே எண்ணிப் பயனில்லை. தூக்கத்தில் அவன் மூச்சை எண்ண எங்களால்தான் முடியும். அந்த வேலையை எங்களிடம் கொடுங்கள். மர்மர் கேட்ட அன்றே, மருந்துச் சீட்டின் மூலையில் "தூக்கத்தில் மூச்சு, 30" என்று எழுதிக் கொடுங்கள்.

நான் தினமும் இரவு பதினொரு மணிக்கு எண்ணுகிறேன். கனவில் காலை உதறிக்கொண்டிருந்தால் அது அடங்கும்வரை காத்திருப்பேன். நேற்று 22, முந்தாநாள் 20. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். அடுத்த முறை கொண்டுவருவேன், புரட்டிப் பாருங்கள் டாக்டர்.

இப்படிக்கு,
மணியின் வீட்டுக்காரர்