டயல் சுழற்றக் கற்றுக்கொடுத்த படங்கள்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் ஊர் நூலக மாடியில் நடந்த தொலைபேசிப் படத் திரையிடலுக்கு வந்தவர்களில் பலர், "இதையெல்லாம் எங்கே பிடித்தீர்கள்?" என்று கேட்டார்கள். நாற்காலிகளை மடித்து அடுக்குகிற அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாகவும் இருக்கட்டும், பட்ட கடனுக்கு நன்றியாகவும் இருக்கட்டும் என்று இந்த மடலை எழுதுகிறேன்.

வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 1920களில் தொடங்கி ஒரு முப்பது ஆண்டு காலம், தொலைபேசியைப் பற்றி மக்களுக்குச் சொல்லித்தர நிறையக் குறும்படங்கள் எடுத்தார்கள். அதில் சிலவற்றைத் தமிழில் விளக்கம் சொல்லிக் காட்டினோம். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

முதல் நன்றி, நாங்கள் யாரும் நேரில் பார்த்திராத ரிக் பிரெலிங்கருக்கு. 1982இல் நியூயார்க்கில் அவர் இந்த மாதிரிச் சுருள்களைச் சேர்க்க ஆரம்பித்தபோது அவற்றைச் சீந்த ஆளில்லை. பள்ளிக்கூடப் பாடப் படம், கம்பெனி விளம்பரப் படம், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கான பயிற்சிப் படம் எல்லாம் காரியம் முடிந்ததும் குப்பைக்குப் போகிற சரக்கு. சினிமா வரலாறு எழுதியவர்களும் இவற்றைப் பெரிதாக மதித்ததில்லை. மனுஷன் அதையெல்லாம் அள்ளிக் குவித்தார். 2002இல் அந்தச் சேகரிப்பை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வாங்கிக்கொண்டது. அதில் ஆயிரக்கணக்கான படங்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், வெட்டி ஒட்டித் திரும்பக் காட்டலாம் என்று போட்டு வைத்திருக்கிறார்கள். காசு கேட்டிருந்தாலும் நியாயம்தான். ஆனால் கேட்டிருந்தால் எங்கள் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்தது, நியூஜெர்சி மாநிலம் வாரன் ஊரில் இருக்கிற, அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியான ஏடி அண்ட் டியின் ஆவணக் காப்பகம். அந்தக் கம்பெனி தலைமையில் இருந்த பெல் சிஸ்டம் என்ற பெரிய தொலைபேசிக் குடும்பம் 1984 ஜனவரி 1 அன்று நீதிமன்ற வழக்கின் முடிவாகப் பிரிந்துபோனது. சொத்துப் பிரிக்கிற நேரத்தில் பழைய படச்சுருளை யார் நினைப்பார்கள்? இங்கே நினைத்திருக்கிறார்கள். பிரிட்டன் பக்கத்தில் தபால் துறையின் படப்பிரிவு எடுத்தவற்றைப் பத்திரப்படுத்திய பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டுக்கும் அதே நன்றி. ஜான் கிரியர்சன் தலைமையில் 1933இல் தொடங்கிய பிரிவு அது. அதே ஆண்டு ஸ்டூவர்ட் லெக் எடுத்த 'தி கமிங் ஆஃப் தி டயல்' எங்கள் திரையிடலில் எல்லாருக்கும் பிடித்துப்போனது. லண்டனில் ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்சுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். லைனைக் கையால் இணைத்துத் தரும் ஆப்பரேட்டர் இல்லாமல் லைன் எப்படிக் கிடைக்கிறது என்று அந்த ஊர்ச் சனத்துக்குப் புரியவைக்க எடுத்த படம்.

இந்தப் படங்களை எடுத்தவர்கள் ஒன்றும் தர்மத்துக்கு எடுக்கவில்லை. நேற்றுவரை ஆப்பரேட்டர் செய்த வேலையை இனி நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களிடம் சொல்லவேண்டிய அவசியம் அவர்களுக்கு இருந்தது. கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்துக்கு டயல் வந்தபோது, 1927இல், அதற்கென்று ஒரு மௌனப்படமே எடுத்தார்கள். புத்தகத்தில் நம்பரைப் பார், ரிசீவரை எடு, டயல் டோன் வருகிறதா என்று கேள், துளையில் விரலை விட்டுத் தடுப்பு வரை இழு, விடு. தானாகத் திரும்பட்டும், நீ தள்ளாதே. இதைச் சொல்ல ஒரு படமா என்று பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்கு வசதியாகப் போயிற்று. "ஏன் தள்ளக்கூடாது, சொல்லுங்கள் பார்ப்போம்" என்று மடக்கினேன்.

அங்கேதான் நண்பர் ஒருவர் கொண்டுவந்த இரும்புச் சாமானுக்கு நன்றி சொல்லவேண்டும். நாங்கள் இருவரும் ஒரே எக்ஸ்சேஞ்சில் பழைய ஸ்ட்ரௌஜர் கருவிகளோடு மல்லுக்கட்டியவர்கள். டிஜிட்டல் வந்து அதெல்லாம் எடைக்குப் போனபோது, தான் பராமரித்த செலக்டர் (சுழற்றிய நம்பருக்கான லைனைத் தேடிப் பிடிக்கிற கருவி) வகையில் ஒன்றை ஏலம் எடுத்தவரிடமே விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருந்தார். அண்ணி இத்தனை வருஷமும் அதைப் பரணிலிருந்து தூக்கிப் போடாமல் விட்டாரே, நன்றியில் பாதி அவருக்கு.

அதை மேசையில் வைத்து, பழைய டயல் ஒன்றையும் பேட்டரியையும் இணைத்து, பிள்ளைகளைச் சுற்றச் சொன்னோம். டயலைச் சுற்றி விட்டால், அது திரும்பிவரும்போது மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும். ஏழு என்றால் ஏழு வெட்டு. விநாடிக்குச் சுமார் பத்து வெட்டு என்ற வேகத்தில் திரும்புவதற்காக உள்ளே வேகத்தைச் சீராக வைக்கிற கவர்னர் என்ற ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் விரலால் தள்ளினால் அந்தத் தாளம் கெட்டு நம்பர் மாறிவிடும். ஏழு வெட்டுக்கும் செலக்டரின் தண்டு டக் டக்கென்று ஏழு படி மேலே ஏறும். அடுத்து நாலு சுற்றினால் அந்தப் படியிலேயே நாலு இடம் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். பத்துப் படி, படிக்குப் பத்து இடம், ஆக நூறு நம்பர். சைபர் ஏன் ஒன்பதுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு சிறுமி கேட்டாள். வெட்டே இல்லாத நம்பரை மெஷின் எப்படி அறியும்? அதனால் சைபருக்குப் பத்து வெட்டு. அவளே இரண்டு முறை சுற்றிப் பார்த்து எண்ணிக்கொண்டாள்.

இதைக் கண்டுபிடித்த ஆல்மன் ஸ்ட்ரௌஜர், கான்சாஸ் சிட்டியில் பிணச்சடங்கு நடத்தும் தொழில் செய்தவர். போட்டிக்காரரின் மனைவி எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்து, தனக்கு வரவேண்டிய அழைப்புகளைக் கணவருக்குத் திருப்பிவிட்டாள் என்ற கடுப்பில், ஆப்பரேட்டரே வேண்டாம் என்று இறங்கினாராம். கதை எவ்வளவு நிஜமோ, 1891இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்ததும், அடுத்த வருஷம் இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் முதல் ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் திறந்ததும் நிஜம்.

அறிவியல் ஆசிரியை ஒருவர் எங்கள் தமிழ் விளக்கத்தை வரிக்கு வரி திருத்திக்கொடுத்தார். கம்பெனி எடுத்த படம் கம்பெனியின் கதையைத்தான் சொல்லும், நாம் மீதியைச் சொல்லவேண்டாமா என்பது அவர் கட்சி. கிரஹாம் பெல்லின் வக்கீல் தொலைபேசிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் கொடுத்த 1876 பிப்ரவரி 14 அன்றே இன்னொரு கண்டுபிடிப்பாளரான எலிஷா கிரேயும் அதே அலுவலகத்தில் தன் கருவி பற்றிப் பதிவு செய்தார் என்பதைச் சேர்க்கச் சொன்னவர் அவர்தான். இத்தாலியரான அந்தோனியோ மெயுச்சி தொலைபேசிக்காகப் பட்ட உழைப்பை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2002இல் தீர்மானம் போட்டுப் பாராட்டியதையும் சேர்த்தோம். மார்ச் 7ஆம் தேதி பெல்லுக்குக் காப்புரிமை வந்துவிட்டது. "மிஸ்டர் வாட்சன், இங்கே வாருங்கள்" என்று பெல் தன் உதவியாளரைக் கூப்பிட்ட அந்தப் பேர்போன வாக்கியம் கம்பியில் போனது மூன்று நாள் கழித்து, மார்ச் 10இல். முதலில் உரிமை, அப்புறம்தான் பேச்சு! 1915இல் அமெரிக்காவின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் லைன் போட்டுத் திறந்தபோது நியூயார்க்கிலிருந்த பெல் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்ல, சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்த வாட்சன் "இப்போது வருவதென்றால் ஒரு வாரம் ஆகுமே" என்றார். அரங்கில் இதற்குத்தான் அதிகச் சிரிப்பு.

எல்லாரையும் விட அதிகமாக நன்றி சொல்லவேண்டியது எங்கள் அக்காவுக்கு. வெளியூர் அழைப்புகளை இணைத்துத் தந்த டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலியோடு மாடி ஏறி வந்து, விளக்கம் எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு படத்தில் வரிசையாகப் பெண்கள் லைன்களை இணைக்கிற போர்டு முன்னால் உட்கார்ந்து, பிளக் வைத்த கம்பியைத் துளையில் செருகுகிற காட்சி. நான் பார்த்தது கை வேகம் மட்டும். அக்கா, "நிறுத்து தம்பி, கொஞ்சம் பின்னால போ" என்றார். "அவ நேரா செருகலை பார். முனையால ஓரத்துல தொட்டுப் பார்த்துட்டு அப்புறம்தான் செருகுறா."

அந்த லைனில் ஏற்கெனவே யாராவது பேசிக்கொண்டிருந்தால், பிளக்கின் முனை துளையின் விளிம்பைத் தொட்டதும் ஆப்பரேட்டரின் காதில் 'க்ளிக்' என்று கேட்கும். உடனே கையை இழுத்துக்கொண்டு "பிஸியாக இருக்கிறது" என்று சொல்லவேண்டும். ஒரே நம்பருக்கு வேறு வேறு போர்டுகளில் துளை இருந்ததால், லைன் காலியா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. படத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. அரை விநாடிகூட நிற்காத கையசைவு அது. நாற்பது வருஷம் அதே துறையில் குப்பை கொட்டிய என் கண்ணிலும் அது படவில்லை, அந்த வேலையைச் செய்த கைக்குத்தான் தெரிந்தது. ஆப்பரேட்டர் வேலை ஒழியப்போகிறது என்று சொல்ல எடுத்த படங்களிலேதான் அந்த வேலையின் நெளிவுசுளிவு இப்படித் தங்கியிருக்கிறது. நான் இந்தப் படங்களைக் காட்டவேண்டும் என்று பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் அதுதான்.

"இந்தப் பிள்ளைகளுக்குப் பேர் கிடையாதா?" என்றும் அக்கா கேட்டார். திரையில் தெரிந்த முகங்களுக்குப் பேர் போடவில்லை. போர்டில் முதலில் உட்கார்ந்தவர்கள் பையன்கள். வாடிக்கையாளர்களிடம் துடுக்காகப் பேசினார்கள் என்று அவர்களை மாற்ற, 1878 செப்டம்பர் 1 அன்று பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தார். உலகத்தின் முதல் பெண் ஆப்பரேட்டர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். 1919 ஏப்ரலில் ஜூலியா ஓ'கானர் தலைமையில் அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கிற நியூ இங்கிலாந்துப் பகுதி ஆப்பரேட்டர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து, ஒரு வாரத்துக்குள் சம்பள உயர்வு வாங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் பெல் சிஸ்டம் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் தன் முதல் பெரிய டயல் எக்ஸ்சேஞ்சைத் திறந்தது. சிரித்த முகத்தோடு டயல் சுழற்றக் கற்றுக்கொடுக்கிற படங்களுக்கு முன்கதை இது. அக்கா சொன்னதால் இதையும் விளக்கத்தில் சேர்த்துக்கொண்டோம். திரையில் வந்த அந்தப் பேர் தெரியாத பெண்களுக்கும் இந்த மடலில் நன்றி.

புரொஜெக்டர் அண்ணாச்சியை விட்டுவிட்டால் ஊருக்குள் நடமாட முடியாது. நாங்கள் காட்டியது கம்ப்யூட்டரிலிருந்துதான். ஆனாலும் 16 மி.மீ. புரொஜெக்டரைத் தூக்கிவந்து, ஒரு பழைய சுருளைப் பூட்டி, பல்சக்கரத்தில் துளை மாட்டுகிற விதத்தையும், ஓரத்தில் ஒலி கோடாகப் போவதையும் பிள்ளைகளுக்குக் காட்டினார். படத்தைப் பேசவைத்ததிலும் தொலைபேசிக்காரர்களுக்குப் பங்கு உண்டு என்று அவர்தான் சொன்னார். ஒலியோடு 1926இல் வந்த 'டான் ஜுவான்' படத்துக்குக் கருவி செய்து கொடுத்தது பெல் குடும்பத்தின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக். தொலைதூரக் குரலைப் பெருக்கப் படித்த பாடம் தியேட்டர் ஸ்பீக்கருக்கு உதவியது.

தமிழ்க் குரலைப் படத்தோடு பொருத்திய தம்பிக்கும், குரல் கொடுத்த கல்லூரி மாணவிக்கும், முன்பு பேசி வைத்த இடம் கடைசி நேரத்தில் கைவிட்டபோது ஒரு ஃபோன் காலில் மாடியைத் திறந்துவிட்ட நூலகருக்கும், சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துக் காசு வாங்க மறுத்த எதிர்க்கடைக்காரருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரு விண்ணப்பமும் உண்டு. உங்கள் வீட்டிலோ, பழைய பள்ளிக்கூட அறையிலோ படச்சுருள் டப்பா கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். திறந்ததும் காடி (வினிகர்) நாற்றம் அடித்தால் ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்திலிருக்கும் நல்ல சுருள்களையும் அது கெடுக்கும், அதனால் தனியாக, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஓட்டிப் பார்க்கலாம் என்று நீங்களாக இறங்கவேண்டாம், அண்ணாச்சியைக் கூப்பிடுங்கள். எங்கள் தமிழ் விளக்கப் பிரதி நூலகத்தில் இருக்கிறது. பள்ளிகளில் காட்ட நினைப்பவர்கள் இலவசமாக நகல் எடுத்துக்கொள்ளலாம். செலக்டரை மட்டும் வெளியே அனுப்பமாட்டோம். வேண்டுமானால் நாங்களே கொண்டுவந்து சுற்றிக் காட்டுகிறோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியன் ஒருவன்