இரண்டாம் பருவ நிறைவும் ஐடா ஸ்கடர் செயல்திட்டமும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. வட்டார அளவிலான கபடியில் நம் மாணவிகள் நன்றாக ஆடினார்கள். பேச்சு, ஓவியம் இரண்டிலும் பரிசுகள் வந்திருக்கின்றன. மழையில் ஒழுகிக்கொண்டிருந்த வகுப்பறைக் கூரையையும் சரிசெய்தாகிவிட்டது. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள்.

ஏழாம், எட்டாம் வகுப்புக்குக் கொடுத்த ப்ராஜெக்ட் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 9 டாக்டர் ஐடா ஸ்கடரின் பிறந்தநாள். வேலூர் சி.எம்.சி.யை, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியையும் அதன் மருத்துவமனையையும் தொடங்கியவர். 1870-ல் இதோ பக்கத்தில் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவரைப் பற்றி வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு, கையால் இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை கடையில் அடித்து வாங்கிய தாள்கள். எல்லாவற்றிலும் அதே ரோஸ் கலர் பார்டர், அதே எழுத்து, ஐடா அமெரிக்காவில் பிறந்தார் என்ற அதே தவறு. ஒட்டியிருந்த படம் அன்னை தெரசாவுடையது! "இது யாரப்பா?" என்று கேட்டால், "கடைக்கார அண்ணன்தான் ஒட்டிக் கொடுத்தார் சார்" என்கிறான் பையன். வேறு சிலர் தெர்மோகோலில் ஆஸ்பத்திரியே கட்டி அனுப்பியிருந்தீர்கள். வேலைப்பாடு பிரமாதம். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாமல் பிள்ளை முதல் பீரியடைத் தவறவிட்டதுதான் மிச்சம்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடிந்து இரவு வீடு திரும்பும் தாய்மார்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். "நாளைக்கு ப்ராஜெக்ட் கொடுக்கணும்" என்று ஒன்பது மணிக்குப் பிள்ளை அழுதால், முப்பது ரூபாய் கொடுத்து வாங்கிவிடத்தான் தோன்றும். புரிகிறது. ஆனாலும் இந்த முறை பிள்ளைகள் இழந்தது மதிப்பெண்ணை மட்டும் அல்ல.

ஐடாவின் கதையில் அந்தத் திண்டிவனத்து இரவை எந்தப் பிள்ளையும் தானாகப் படித்திருந்தால் மறந்திருக்காது. 1890-ல் உடல்நலமில்லாத தாயைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்த இளம்பெண் அவர். கிறிஸ்தவ மிஷனரி ஊழியம், மருத்துவம் எதிலும் விருப்பமில்லை. ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவ வேதனை. ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் ஐடா திரும்பிப் போய் மருத்துவம் படிக்கிறார். நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் வாங்கி, 1900 தொடக்கத்தில் இங்கே வந்து சேர்கிறார். உதவிக்கு நர்ஸ் கிடையாது. வீட்டுப் பணியாளரின் மனைவி சலோமிக்குத்தான் கற்றுக்கொடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். 1902-ல் நாற்பது படுக்கையோடு ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. ஆரணி ரோட்டுக் கண்ணாஸ்பத்திரி என்றால் உங்களுக்கு உடனே தெரியும். 1909-ல் நர்ஸ் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி. ஆண்களை அங்கே படிக்கச் சேர்த்ததே 1947-ல்தான். நம் ஊர் ஆண்பிள்ளைகள் இதை ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

மிஷனரி அம்மாவைப் பற்றி எதற்கு ப்ராஜெக்ட் என்று இரண்டொரு பெற்றோர் போன் செய்தீர்கள். அந்த இரவில் கதவைத் தட்டியவர்களில் பிராமணரும் இருந்தார், முஸ்லிமும் இருந்தார். வேலூரில் எந்தத் தெருவில் கேட்டாலும் சி.எம்.சி.யில் பிறந்த யாராவது இருப்பார்கள். இது நம் ஊர் வரலாறு. அதற்காகத்தான்.

வந்த தாள்களில் ஒன்று மட்டும் நோட்டிலிருந்து கிழித்தது, ஓரத்தில் எண்ணெய்க் கறை. ஏழாம் வகுப்பு மாணவி எழுதியது. குடியாத்தம் ரோட்டில் மரத்தடியில் ஆஸ்பத்திரி வண்டி வந்து நிற்குமாம். மருந்து வாங்க வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுபோக வேண்டுமாம். பாட்டிக்கு அவருடைய அம்மா சொன்னதாம். (சாலையோர மருத்துவத்தை ஐடா மாட்டுவண்டியில் தொடங்கியது அந்த ரோட்டில்தான்; கார் வந்தது பிறகு.) கடைசி வரி இது: "பாட்டியோட அக்கா பிறசவத்துல செத்துட்டாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகல, ஏன்னு கேட்டா பாட்டி சொல்லல." பிரசவத்தில் எழுத்துப்பிழை இருக்கிறது. முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறோம்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் பருவத்திலிருந்து கடையில் அச்சடித்த ப்ராஜெக்டையும் பெரியவர்கள் செய்து கொடுக்கும் மாடலையும் வாங்க மாட்டோம். கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவோம், மதிப்பெண்ணும் கிடையாது. "மேடம், இந்த ஒரு தடவை மட்டும்" என்று வகுப்பாசிரியர்களிடம் சிபாரிசுக்கு வர வேண்டாம். அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

எங்கள் பக்கமிருந்தும் ஒரு ஏற்பாடு: இனி எந்த ப்ராஜெக்டுக்கும் இரண்டு சனி ஞாயிறு வருகிற மாதிரி நாள் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். சார்ட், கலர் பேப்பர் எதுவும் தேவையில்லை. நோட்டுத் தாள் போதும். எழுத்து கோணலாக இருந்தாலும், பிழை இருந்தாலும் பரவாயில்லை. அடித்துத் திருத்தி எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

ஐடா ப்ராஜெக்டைத் திரும்ப எழுதித் தர விரும்பும் பிள்ளைகள் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் கொடுக்கலாம். அரைப் பக்கம் போதும். கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போனால் அங்கே இருக்கும் தாத்தா பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

வேலைப்பளுவுக்கு நடுவிலும் பெற்றோர் கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறீர்கள். கூரை வேலைக்கு மணலும் ஆளும் கொடுத்து உதவினீர்கள். மனமார்ந்த நன்றி. அனைவருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: தெர்மோகோல் ஆஸ்பத்திரிகள் அலுவலக அறையில் பத்திரமாக இருக்கின்றன. வந்து எடுத்துக்கொண்டு போகவும்.