கேசட்டுகளை எடுக்க ஒருமுறை வா

சேலம்,
ஆடி வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தம்பி போன வாரம் வந்துவிட்டுப் போனான். உன் நலம் அறிய ஆவல் என்று எல்லாக் கடிதத்திலும் எழுதுவார்கள். நான் அந்த வரியை மனதார எழுதுகிறேன். போனில் கேட்டால் வேலையாக இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். அந்தப் பிறகு வருவதே இல்லை. கடிதத்தைப் பாதியில் வைக்க மாட்டாய் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

டி.வி.யில் நீ எடுக்கிற நிகழ்ச்சியைத் தவறாமல் பார்க்கிறோம். காலையில் காபி டம்ளரோடு அப்பா டி.வி. முன்னால் உட்கார்ந்தால் அது முடிகிற வரை வீட்டில் யாரும் பேசக்கூடாது. ஆனால் கொஞ்ச நாளாக வருவதெல்லாம் பழையது. யாரும் சொல்லவில்லை, பார்த்தாலே தெரிகிறது. ஏற்காட்டில் கோடை விழா, அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். ஆடி மாதத்தில் ஏது கோடை விழா? மேட்டூர் அணை 120 அடியும் நிரம்பிவிட்டது என்று ஒரு நாள். மறுநாளே அணையில் தண்ணீர் இறங்கி, பண்ணவாடியில் நந்தி சிலை வெளியே தெரிகிறது என்று செய்தி. முன்பெல்லாம் கடைசியில் பெயர்கள் ஓடும். உன் பெயர் வரும்போது அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார். இப்போது பெயர்கள் ஓடுவதற்குள் விளம்பரம் வந்துவிடுகிறது. அவர் ஒன்றும் சொல்வதில்லை. டி.வி.யை அணைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுகிறார்.

உங்கள் கோவை ஸ்டூடியோவை மூடிவிட்டு எல்லாவற்றையும் சென்னையிலிருந்தே நடத்தப் போகிறார்களாம் என்று சின்ன மாமா யாரிடமோ கேட்டுவந்து சொன்னார். அது உண்மையா பொய்யா என்று நான் உன்னைக் கேட்கப் போவதில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி ஒரு டீயைக் குடித்துவிட்டு அதையே சாப்பாடு என்று கணக்கு வைக்காதே.

நீ செய்த கொலுசுப் பட்டறை நிகழ்ச்சியைப் பற்றி இன்னும் இங்கே பேசுகிறார்கள். செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கே, ஒரு ஜோடி கொலுசு எத்தனை வீட்டு வாசலைத் தாண்டி வருகிறது என்று நீ காட்டிய பிறகுதான் விளங்கியது. கம்பி இழுப்பது ஒரு வீடு, சலங்கை வைப்பது ஒரு வீடு, பற்றவைப்பதும் மெருகு போடுவதும் வேறு வேறு வீடு. அந்த ஆசாரி அம்மா ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டு கன்னம் உப்பப் பற்றவைத்ததை எவ்வளவு நேரம் அப்படியே காட்டினாய்! பேச்சுமில்லை, பாட்டுமில்லை. எதிர்வீட்டு அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஆனால் நாள் முழுவதும் அந்தப் பட்டறையில் படம் எடுத்த உனக்கு, நாலு தெரு தள்ளி இருக்கும் நம் வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிட நேரமில்லை. வண்டியை வாசலில் நிறுத்தி, நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டாய். இதை நான் மறக்கவில்லை.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. அப்பா நடத்திய நம் உள்ளூர் கேபிள் சேனல் நின்றுபோன வருடம் நீ கல்லூரி விடுதியில் இருந்தாய். நின்ற பிறகும் அப்பா காலை ஒன்பது மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு, டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கணக்கு வழக்கு பாக்கி இருக்கிறது என்பார். பாக்கி ஒன்றும் இல்லையென்று எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை, சோற்றைக் கட்டிக் கொடுத்தேன். ஒருநாள் கேரியரை மறந்துவிட்டுப் போனார். கொடுத்துவிட்டு வரலாமென்று அந்த மாடிப்படி ஏறினேன். தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு கேசட்டாக வி.சி.ஆரில் போட்டுக் கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். அப்படிச் செய்யாவிட்டால் நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். சுற்றி முடித்ததற்கெல்லாம் புதிய சீட்டு ஒட்டித் தேதி எழுதியிருந்தார். என்னைப் பார்த்ததும், கணக்கு முடியப் போகிறது என்றார். சேனல் நின்றுவிட்டது என்று அவர் வாயால் நான் இன்றுவரை கேட்கவில்லை. மூக்கும் நெற்றியும் உனக்கு என்னுடையவை என்பார்கள். வாய் மட்டும் அவருடையது.

அவர் வேலை சரியில்லாமல் அது நிற்கவில்லை பாப்பா. இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது, நம் ஊர் மொட்டை மாடிகளுக்கு அது வந்து சேர மேலும் பல வருடம் ஆனது. மீன் முள் மாதிரி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பழகியவர் அப்பா. 1993-ல் சன் டி.வி. வந்து ஊரே கேபிள் இழுத்தபோது அவரும் இழுத்தார். 1995-ல் கேபிள் சட்டம் வந்ததும் முதல் ஆளாகத் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்து, அந்தக் காகிதத்தை ஃபிரேம் போட்டு மாட்டினார். அப்போதெல்லாம் வி.சி.ஆரை மாடுலேட்டர் என்கிற பெட்டியில் கோத்து ஓர் அலைவரிசையில் ஏற்றினால் போதும், நம் சேனல் குகைப் பகுதி வரைக்கும் போகும். 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோதும் தாக்குப்பிடித்தார். 2017-ல் அதுவும் செட்டாப் பாக்ஸுக்கு மாறியது. படமெல்லாம் எங்கோ இருக்கும் மையத்திலிருந்து பூட்டுப் போட்டு வர ஆரம்பித்த பிறகு, நடுவில் நம் படத்தை நுழைக்க வழியில்லை. நுழைக்க வேண்டுமானால் மாதாமாதம் அங்கே கட்ட வேண்டிய தொகை நம் விளம்பர வருமானத்துக்குமேல் இருந்தது. அதற்குள் ஊர்ச் செய்தியெல்லாம் கைபேசிக்குப் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது. இதில் அப்பா எந்த இடத்தில் குறைந்துபோனார்? தூர்தர்ஷனே தரைவழி ஒளிபரப்பு நிலையங்களைப் பெரும்பாலும் 2021, 2022-ல் மூடிவிட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் வேலை தெரியாதவர்களா?

அந்த மாடி அறை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ. ட்யூப்லைட் வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் இருக்க வெண்ணெய்த்தாள் ஒட்டியிருக்கும். மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழும் என்பதால் நான் செய்தி வாசித்து முடிக்கிற வரை அதை நிறுத்திவிடுவார்கள். சித்திரை வெயிலில் ஓடு போட்ட அந்த மாடியில் முதுகு முழுக்க நனைந்திருக்கும், முகம் மட்டும் வாடக்கூடாது. பொடிக் கோடு போட்ட சேலை கூடாது, திரையில் நெளியும். பின்னால் நீலத் துணி, அதனால் நீலச் சேலையும் கூடாது. அப்பா சார்ட் பேப்பரில் பெரிய எழுத்தில் எழுதிக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடிப்பார். எந்த வார்டில் என்றைக்குத் தண்ணீர் வரும், எங்கே மின்தடை, பூ மார்க்கெட்டில் மல்லி என்ன விலை, இவ்வளவுதான் செய்தி. கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில் காணாமல் போன குழந்தையை நான் மடியில் உட்காரவைத்து வாசித்தேனே, செய்தி முடிவதற்குள் அதன் அப்பா படியேறி வந்துவிட்டார். சென்னையிலிருந்து வாசித்தால் இதெல்லாம் நடக்குமா?

குகை வண்டி வேடிக்கையை ஒவ்வொரு ஆடித் திருவிழாவிலும் எடுத்தோம். சிவன், முருகன், காளி என்று வேடம் போட்டு வண்டியில் உட்காருகிறவர்கள் யார்? தறி நெய்கிறவர்கள், பட்டறைக்காரர்கள், கடைக்காரர்கள். ஒருமுறை குகையிலிருந்து ஒரு பாட்டி வந்தார். அவர் வீட்டுக்காரர் இறந்து வருடமாகிவிட்டதாம். சிவன் வேடம் போட்ட வருடத்தைப் போட்டுக் காட்டுவீர்களா என்று கேட்டார். அப்பா தேடி எடுத்துப் போட்டார். வீட்டுக்காரர் முகம் வந்ததும் பாட்டி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் வி.எச்.எஸ். படம் நடுங்கும், அடியில் வெள்ளைக் கோடுகள் ஓடும், உனக்குத் தெரியும். அந்த நடுங்குகிற படத்துக்கு எதிரில் அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கேசட் இன்னும் மாடியில் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கட்டடக்காரர் மாடியை இடித்துக் கட்டப் போகிறாராம், ஆவணி பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். நியாயமாகத்தான் கேட்கிறார், இத்தனை வருடம் வாடகை கூட்டாமல் விட்டிருந்தார். அப்பா, எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடு என்கிறார். சொல்லிவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் தம்பியோடு போய்ப் பார்த்தேன். சில கேசட்டுகளில் கண்ணாடிச் சாளரத்துக்குள், நாடா சுற்றின் ஓரத்தில், வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. பூஞ்சை. அதைத் தெரியாமல் ஓட்டிவிட்டால் நாடாவைப் படிக்கிற வி.சி.ஆர். ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவிவிடும் என்று, கூட வந்திருந்த அப்பா அங்கேயே சொன்னார். போடச் சொல்லிவிட்டும் அக்கறை விடவில்லை பார். வி.சி.ஆரும் இனிக் கிடைக்காது. கடைசிவரை செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனமே 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. நம்மிடம் ஓடுகிற நிலையில் இருப்பது ஒன்றுதான். சின்ன மாமா வீட்டில் ஒன்று இருக்கிறது, தருகிறேன் என்றிருக்கிறார்.

ஏற்காடு சாலையில் போகும்போதெல்லாம் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவின் வளைவைப் பார்க்கிறோம். உன் தாத்தா அங்கே செட்டு வேலைத் தச்சராக மாதச் சம்பளத்துக்கு இருந்தார். 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கியது. மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ 1938-ல் அங்கேதான் உருவானது. மலையாளத்தின் முதல் வண்ணப்படமும் 1961-ல் அவர்கள் எடுத்ததுதான். இன்றைக்கு உள்ளே வீடுகள். அந்த வளைவைக் காப்பாற்ற வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள், பேசட்டும், நல்லதுதான். ஆனால் ‘பாலன்’ படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை, பாட்டுப் புத்தகமும் சில புகைப்படங்களும்தான் மிச்சம் என்கிறார்கள். எனக்கு வளைவைவிட அந்தப் படச்சுருளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஸ்டூடியோ போனால் போகட்டும், வேறு இடத்தில் கட்டிக்கொள்ளலாம். எடுத்து வைத்தது போனால் யார் திரும்ப எடுக்க முடியும்?

அதனால் நீ வர வேண்டும். ஒரு மணி நேரக் கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அங்கே உனக்கு லீவு கிடைக்குமா, கிடைக்காதா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. எத்தனை நாள் இருந்தாலும் இருக்கலாம். நம் வீட்டு மாடி அறையை உனக்காக ஒழித்து வைத்திருக்கிறேன். அப்பா கூப்பிட மாட்டார், அவரிடம் எதிர்பார்க்காதே. ஆனால் நீ வந்து பாயில் உட்கார்ந்தால் சீட்டைப் படித்துக்காட்ட அவரும் வந்து உட்காருவார், எனக்குத் தெரியும். வந்தால் யாரும் உன்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள், சித்தி உட்பட. அவளிடம் சொல்லிவைத்துவிட்டேன்.

உன் கணக்கில் கொஞ்சம் பணம் போடச் சொல்லித் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். சீட்டு எடுத்த பணம், சும்மாதான் கிடந்தது. திருப்பி அனுப்பாதே. வாடகை கட்டு. நன்றாகச் சாப்பிடு.

வரும்போது உன் பழைய மடிக்கணினியை எடுத்து வா. அதில்தான் ஃபயர்வயர் துளை இருக்கிறது, பின்னால் எடுத்த மினி டிவி (DV) என்கிற சின்ன டிஜிட்டல் கேசட்டுகளுக்கு அது வேண்டும் என்று தம்பி சொன்னான். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜி.பி. ஆகுமாம், அதற்கு ஏற்ற ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கு, ஒன்று நம் வீட்டில், ஒன்று உன்னிடம். ஹெட் துடைக்கிற ஸ்பிரிட்டும் வாங்கி வா. காந்திபுரத்தில் சேலம் புதிய பஸ் நிலையத்துக்குள் வருகிற பஸ்ஸாகப் பார்த்து ஏறு. பைபாஸில் போகிற பஸ்ஸில் ஏறினால் கொண்டலாம்பட்டியில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். ஏறியதும் தம்பிக்குச் சொல், வண்டியோடு நிற்பான்.

அன்புடன்,
அம்மா