செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய தேவாலயங்களோடு ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நான்கு இடங்களுக்குச் சென்றோம். காட்டுக்கோயில் என்று பெயர் பெற்ற மயிலாப்பூர் லஸ் கோயிலையும், ஆறு மணிகள் தொங்கும் அரண்மனைக்காரத் தெரு ஆர்மீனியன் தேவாலயத்தையும் பார்த்தோம். 1821இல் திறக்கப்பட்ட எழும்பூர் புனித ஆண்ட்ரூ ஆலயத்தில், இளகிய மண்ணில் கிணறுகளை இறக்கி அஸ்திவாரம் போட்ட முறையை நம் தலைவர் விளக்கினார்.

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். "போட்டோ எடுத்துக் குழுவில் போட்டால் போதாதா, அளக்கும் டேப் எதற்கு?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். குருவானவரிடம் முன் அனுமதி வாங்கி, ஜன்னல் ஓரத்தில் டேப்பை வைத்தோம். சுவரின் கனம் நான்கு அடி. கூரை இரண்டு அடி கனம். அதையும் செங்கல்லிலேயே வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். 1678இல் தொடங்கி 1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை செய்த இந்த ஆலயத்தைக் கட்டியவர்கள், குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று நினைத்தே கட்டினார்கள். அது போட்டோவில் தெரியாது. வெளியே தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களும் முதலில் அங்கே இருந்தவை அல்ல. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை பழைய இடுகாட்டுக் கல்லறைகளை மறைவிடமாகப் பயன்படுத்தியதால், பிற்பாடு அவற்றைப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் மகனுடைய கல்லறை இன்றும் பழைய இடத்திலேயே, உயர் நீதிமன்றப் பக்கம் நிற்கிறது.

அன்று வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் முப்பத்தெட்டு பேர். வந்தவர்கள் ஒன்பது பேர். அதிலும் இருவர் அடையாள அட்டை கொண்டுவராததால் கோட்டை வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மூன்று முறை நினைவூட்டியிருந்தேன். வேன் வாடகையை முழுசாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது உண்மையாக இருக்காது.

அன்று எடுத்த அளவுகளை வைத்து வரைபடங்களோடு ஒரு தமிழ்க் கையேடு எழுதிவருகிறேன். பாதி முடிந்திருக்கிறது. கோயிலுக்குப் போனால் கருவறை, அர்த்த மண்டபம் என்று பெயர் சொல்லிக் காட்டுகிறோம். தேவாலயத்துக்குள் நம் பிள்ளைகளுக்கு அப்படிக் காட்ட ஒரு புத்தகம் கையில் வேண்டும் என்பதே என் ஆசை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு ஓரளவு இருக்கிறது; அச்சுக்கூலிக்குப் போதாது. பாதிக்கு மேற்பட்டோர் சந்தா கட்டவில்லை, சிலருக்கு இரண்டு வருட பாக்கி.

அனுமதி தந்த குருமார்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் குழுவினருக்கும், கணக்கைச் சரிபார்த்த தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பரங்கிமலைக்குப் போய், பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து பொறித்த சிலுவையைப் பார்க்க வேண்டும். எனக்கு வயது அறுபத்தெட்டு. படி ஏறிவிடுவேன், டேப்பின் மறுமுனையைப் பிடிக்கத்தான் ஆள் வேண்டும். பெயர்ப் பட்டியலும் ரசீதுப் புத்தகமும் வாசல் மேசையில் ஒன்றாகவே இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.