போர்தோ நீர்மூழ்கித் தளம்: சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாரிசிலிருந்து நம்மவர்களைப் பேருந்தில் ஊர் சுற்றிக் காட்டும் ஏற்பாட்டாளர்களுக்கு வணக்கம்.

பிரான்சின் போர்தோ நகரில், இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியர் தங்கள் நீர்மூழ்கிக் கப்பல்களுக்காகக் கட்டிய தளத்தின் முன்னால் உங்கள் வழிகாட்டித் தம்பி மைக்கைப் பிடித்துச் சொன்னது இதற்குள் உங்கள் காதுக்கும் வந்திருக்கும். "நேதாஜி நீர்மூழ்கியில் ஏறிய இடம் இதுதான்!" பேருந்தே கைதட்டியது. நேதாஜி 1943 பெப்ரவரியில் ஏறியது ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில். யு-180 என்ற அந்த ஜெர்மன் நீர்மூழ்கி அவரை மடகாஸ்கருக்கு அப்பால் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாற்றிவிட்டு, ஜூலையில் போர்தோவுக்கு வந்தது. அதாவது படகு வந்தது, அவர் வரவில்லை. சரி, இதை விட்டுவிடலாம்.

"ஜெர்மன்காரன் கட்டினால் யாராலும் அசைக்க முடியாது" என்றாரே தம்பி, அதைத்தான் விட முடியவில்லை. 1941 முதல் 1943 வரை அங்கே கான்கிரீட்டோடு மாரடித்தவர்களில் பெருந்தொகையானோர் ஸ்பானிய அகதிகள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சர்வாதிகாரி பிராங்கோவிடம் தோற்று, 1939 குளிரில் பிரனீஸ் மலையைத் தாண்டி வந்தவர்கள். தென் பிரான்சின் ஆர்ஜெலெஸ் கடற்கரையில் பிரெஞ்சுக்காரர்கள் அவர்களை முள்வேலிக்குள் அடைத்தார்கள். கூரைகூட இல்லை, மணலில் குழி தோண்டிப் படுத்தார்கள். அப்புறம் தொழிலாளர் அணிகளில் சேர்த்து வேலை வாங்கினார்கள். பிரான்ஸ் வீழ்ந்ததும் ஜெர்மனியரின் கட்டுமான நிறுவனமான டோட் அமைப்பின் கையில் சிக்கினார்கள். பாசிசத்துக்குத் தப்பி ஓடிவந்தவர்களைக் கொண்டே அதற்கு நீர்மூழ்கிகளை நிறுத்த 11 கூடங்கள் கட்டுவித்தார்கள். அந்த வேலையில் செத்தவர்களும் உண்டு. அகதி விண்ணப்பம் எழுதி இந்த நாட்டுக்குள் வந்தவர்கள் நிறைந்த பேருந்தில் இதைச் சொல்லாமல் விடுவதா?

1943 மே 17இல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டபோது பக்கத்திலிருந்த பக்கலான் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். தளம் அசையவில்லை என்பது உண்மைதான்.

அந்த ஸ்பானியர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் தளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பத்து நிமிடம் பேருந்தை நிறுத்துங்கள். இதுதான் என் கோரிக்கை. அன்றும் கேட்டேன். "நேரமில்லை அண்ணா" என்றார் தம்பி. வைன் கடையில் மட்டும் ஒரு மணி நேரம் நின்றோம். தளத்துக்குள்ளே 2020 முதல் நடக்கும் ஒளிக்காட்சிக்கும் நேரம் இருந்தது. அது அழகுதான், அதோடு எனக்குச் சண்டையில்லை.

எந்த ஊருக்குப் போனாலும் உங்களுக்கு இதே கதை. எவ்வளவு உயரம், எவ்வளவு கனம், எங்கே நின்றால் செல்ஃபி நன்றாக வரும். கட்டியவன் யார் என்று கேட்டால் பிரியாணி ஆறிவிடும் என்று அவசரப்படுத்துகிறீர்கள். அந்தப் பிரியாணியாவது சூடாக வந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன்.

சரி, பணிவாகவே கேட்கிறேன். அடுத்த பயணத்தில் நினைவுச்சின்னத்தருகே பத்து நிமிடம் நிறுத்துங்கள். மைக்கில் அந்த ஸ்பானியர்களைப் பற்றி நாலு வரி சொல்லுங்கள். தம்பிக்கு எழுதித் தர ஆள் இல்லையென்றால் நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பேருந்தில் வந்த ஒருவன்