ஈஸ்ட் எதற்கு என்று கேட்ட மதிப்பீட்டுக் குழுவினருக்கு

ஆய்வு நிதிக் குழுவினருக்கு வணக்கம்.

என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். சரி, அது உங்கள் உரிமை. ஆனால் "பாக்டீரியா நச்சை ஆராய ஈஸ்ட் எதற்கு, நேராக எலியில் செய்யலாமே" என்ற வரிக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நச்சுப் புரதத்தின் மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்து, காலக்டோஸ் என்ற சர்க்கரை கிடைத்தால் மட்டும் விழித்துக்கொள்ளும்படி செய்கிறோம். பத்துப் பத்து மடங்காக நீர்த்த ஈஸ்ட் துளிகளை, ஒன்றில் குளுக்கோஸும் மற்றொன்றில் காலக்டோஸும் கலந்த இரண்டு அகர் தட்டுகளில் (கூழ் போன்ற வளர்ப்புத் தளம்) வரிசையாக இட்டு, 30 டிகிரியில் இரண்டு மூன்று நாள் விடுகிறோம். குளுக்கோஸ் தட்டில் கடைசித் துளியிலும் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். காலக்டோஸ் தட்டில் முதல் துளியே மங்கிப் போயிருக்கும்; நச்சு விழித்து ஈஸ்டை வளரவிடவில்லை என்று பொருள். அளவுக்கு மீறித் திணித்தால் எந்தப் புரதமும் செல்லைத் திணறடிக்கும் என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் செயலிழக்க வைத்த அதே புரதத்தைக் கொண்ட ஈஸ்டையும் பக்கத்திலேயே இடுகிறோம்; அது வளர்ந்தால், திணறடித்தது அளவு அல்ல, நச்சின் செயல்தான் என்று தெரியும்.

தொண்டை அடைப்பான் நச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அது முடக்குவது புரதத் தயாரிப்புக்கு வேண்டிய ஈஎஃப்-2 என்ற காரணியை. பற்றும் இடம் அதிலுள்ள டிப்தமைடு என்ற, உருமாற்றப்பட்ட ஓர் அமினோ அமிலம். ஈஸ்டிலும் அதே டிப்தமைடு உண்டு. நச்சுக்குத் தப்பிப் பிழைத்த ஈஸ்ட்களைத் துருவியபோதுதான், டிப்தமைடை உருவாக்கும் மரபணுக்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. ஈஸ்டின் ஏறக்குறைய 6000 மரபணுக்களில் ஒன்றை மட்டும் நீக்கியும் உயிர்வாழும் வகைகள் 5000 அளவுக்கு இன்று தயாராகவே கிடைக்கின்றன. எதை நீக்கினால் நச்சு பலிக்கவில்லை என்று வரிசையாகப் பார்த்துவிடலாம். எலியில் இதை யார் செய்வது?

நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் லெஜியோனெல்லா நிமோபிலா என்ற ஒரே பாக்டீரியா 300-க்கும் மேற்பட்ட புரதங்களை நம் செல்லுக்குள் செலுத்துகிறது. அதிலிருந்து ஒன்றை நீக்கினால் பெரும்பாலும் எந்த மாற்றமும் தெரியாது, மற்றவை ஈடுகட்டிவிடும். தனித்தனியாக ஈஸ்டில் வைத்தால்தான் ஒவ்வொன்றின் குணமும் வெளியே வருகிறது.

ஈஸ்டுக்கு எல்லை இல்லாமல் இல்லை. தொண்டை அடைப்பான் நச்சு நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏற்பி (செல்லின் மேற்பரப்பில் நச்சு ஒட்டிக்கொள்ளும் புரதம்) ஈஸ்டுக்குக் கிடையாது. நோயெதிர்ப்பு செல்களும் கிடையாது. நச்சு எப்படி உள்ளே வருகிறது, உடல் எப்படி எதிர்க்கிறது என்று அதனிடம் கேட்பது வீண். விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தில் இதை எழுதியே இருக்கிறேன். எலிக்கான செலவு மூன்றாம் ஆண்டில்தான் வருகிறது, அதுவும் ஈஸ்டில் தேறிய புரதங்களுக்கு மட்டும்.

அடுத்த சுற்றுக்கு இதே விண்ணப்பத்தை அனுப்பப் போகிறேன். அதைப் படிப்பவர்களில் ஈஸ்டோடு வேலை செய்தவர் ஒருவராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விண்ணப்பதாரர்களில் ஒருவர்